தெருவுக்கு யார் ஜாமீன்?

சூதாடுகிறவன் தோற்றால் நாம் அதிகமாக வருந்துவதில்லை. ஆனால், அவன் தோற்ற பணத்தை எதிர்வீட்டுக்காரன் கட்ட வேண்டி வந்தால்?

பாங்காக் நகரில், சிலோம் வீதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு அதிக தூரமில்லாமல், ஆற்றுக்கு அருகே 49 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 'சாத்தோன் யூனிக்' என்று பெயர். 1990-ல் தொடங்கி, முக்கால் பங்குக்கு மேல் எழும்பிய பிறகு, 1997-ல் பண நெருக்கடி வந்து வேலை நின்றது. கால் நூற்றாண்டு கழிந்தும் அதில் ஒரு குடித்தனமும் ஏறவில்லை.

ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25 பாட் என்ற மதிப்பு அசையாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். நிதி நிறுவனங்கள் வெளிநாட்டில் குறைந்த வட்டிக்கு டாலராக வாங்கி, கட்டடக்காரர்களுக்கு உள்ளூர்ப் பணமாகக் கொடுத்தன. 1997 ஜூலை 2-ந் தேதி அந்த மதிப்பைக் காக்க முடியாமல் அரசாங்கம் கைவிட்டது. டிசம்பரில் 56 நிதி நிறுவனங்கள் மூடப்பட்டன. அடுத்த மாதமே டாலர் 50 பாட் தாண்டியது. டாலரில் பட்ட கடன் இரட்டித்துவிட்டது.

பேராசைப்பட்டார்கள், அனுபவித்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அனுபவித்தவர்கள் அவர்கள் மட்டுமா? இத்தகைய வீழ்ச்சியில், விற்று லாபம் பார்க்க முன்பணம் கட்டியவனும், பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியேறக் கட்டியவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முன்னவனுக்குப் பந்தயம் போயிற்று. பின்னவனுக்கு வீடே போயிற்று. இவர்களாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அன்றோடு கூலி நின்றுபோன சித்தாளும், வரப்போகும் குடித்தனங்களை நம்பிக் கடை போட்டவனும் எதில் கையெழுத்துப் போட்டார்கள்?

அந்தக் கட்டடத்தின் நிழல் அருகிலுள்ள யான்னாவா புத்தர் கோயிலின்மேல் விழுந்ததால்தான் இந்தக் கேடு என்று அங்கே ஒரு பேச்சுண்டு. பகுத்தறிவுக்காரர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயரக் கட்டுகிறவன் அடுத்தவனுடைய வெயிலையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறான் என்பதை அந்த ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறார்கள்.

"அப்படியானால் கடன் வாங்கிக் கட்டவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கட்டட்டும். கடன் கொடுக்கிறவன் ஜாமீன் கேட்கிறான். வீடு வாங்குகிறவன் பத்திரம் கேட்கிறான். அதுபோலவே, வேலை நின்றால் முடிக்கவோ இடிக்கவோ ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வை என்று தெருவும் கேட்க வேண்டும். லாபத்தில் பங்கு கேட்காத தெருவின் தலையில் நஷ்டத்தை மட்டும் கட்டுவது எந்த ஊர் நியாயம்?