ஒற்றை ஆளாக

நல்ல நடிகை என்றால் குரலையும் அபிநயத்தையுமே அளக்கிறோம். ஆனால் ஊரே கேட்கக் கூசுவதை மேடையில் பேசிவிட்டு, மறுநாள் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தெரிந்த முகங்களுக்கு நடுவே காய்கறி வாங்க நிற்பதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

1998இல் நாடகாசிரியர் இளங்கோவனின் 'தலாக்' நாடகத்தைச் சிங்கப்பூர் மேடையில் நர்கிஸ் பானு தனியாகவே தாங்கினார். வசனம் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க எதிரே இன்னொரு நடிகர் கிடையாது. மணவாழ்வில் வதைபட்ட இந்திய முஸ்லிம் பெண்களின் அனுபவங்களிலிருந்து எழுந்த நாடகம் அது. எதிர்ப்பும் உடனே கிளம்பியது. 2000இல் அதன் ஆங்கில, மலாய் வடிவங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்தத் தடையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நர்கிஸ் பானுவின் நடிப்பைப் பற்றி எழுதியது மிகக் குறைவு என்பதுதான் என் வருத்தம்.