அறம் விலை பேசாது

பள்ளி விடுமுறை நெருங்கினால் கிள்ளான் பள்ளத்தாக்கின் கிறிஸ்துவச் சபைகளிலிருந்து இளையோர் குழுக்கள் மிஷன் பயணமாகக் கம்போடியாவுக்கும் நேப்பாளத்துக்கும் புறப்படுகின்றன. பெட்டிகளில் அரிசி, மருந்து, நோட்டுப் புத்தகம், கூடவே நற்செய்தி. நல்ல மனத்தோடுதான் போகிறார்கள். ஆனால் கம்போடிய அரசும் யுனிசெஃபும் 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தவர் நிம்மதியாக இருக்க முடியாது. அங்குள்ள அநாதை இல்லப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தார்கள். வறுமை பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பியது. வெளிநாட்டு விருந்தினரின் நன்கொடை இல்லங்களைப் பெருக்கியது. ஒரு குழு வந்து இறங்கியதும் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுகிறார்கள், முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்காருகிறார்கள். வேன் கிளம்பும்போது கையை விட மறுக்கிறார்கள். அடுத்த வாரம் இன்னொரு குழு வருகிறது.

இதில் தீர்ப்புச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஏழைக்குச் செய்யும் உதவி அவனிடம் எதையும் திருப்பிக் கேட்கக் கூடாது. மதம் மாறும்படி கேட்கக் கூடாது; ஜெபத்துக்கு உட்காரும்படி கேட்கக் கூடாது; சபையின் முகநூலுக்கு ஒரு படம்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் அது வியாபாரம்.

தமிழ் மரபு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றக் கொடைகள் எல்லாம் பதிலுக்கு எதிர்பார்ப்பவை என்கிறார் வள்ளுவர். மழை உலகிடம் கைம்மாறு கேட்பதில்லை என்று ஒப்புரவறிதலைத் தொடங்குபவரும் அவரே. புறநானூற்றில் முடமோசியார், மறுமைப் பயனைக்கூட எண்ணாமல் கொடுத்தவன் என்று ஆய் வள்ளலைப் போற்றுகிறார். பயன் கருதிக் கொடுப்பவன் அவர் கண்ணுக்கு அறத்தை விற்கும் வணிகன். மணிமேகலையிலோ கடல் கடந்த தொண்டே கதையாக வருகிறது. சாவக நாட்டில் மழையின்றி மக்கள் பசியால் மடிகிறார்கள் என்று கேட்டதும் ஆபுத்திரன் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் கப்பல் அவனை விட்டுப் போய்விட, ஊட்ட ஆளில்லாத தீவில் தான் மட்டும் உண்ண மனமின்றி உயிர் விடுகிறான். அவன் கையில் இருந்தது அள்ள அள்ளக் குறையாமல் சோறு தரும் அமுதசுரபி ஒன்றுதான். பின்னர் அதைப் பெற்ற மணிமேகலையும் பசித்தவர்க்குச் சோறு கொடுத்தாள். சமய விசாரணையை அவள் வைத்துக்கொண்டது வஞ்சி நகரில், பதில் சொல்ல வல்ல சமயவாதிகளோடு.

விவிலியமும் வேறு சொல்லவில்லை. வலக்கை செய்யும் தருமம் இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றவர் இயேசு. இலவசமாகப் பெற்றீர்கள், இலவசமாகக் கொடுங்கள் என்று சீடர்களை அனுப்பியவரும் அவரே. அவர் சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டிச் சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கொடுத்தான். எந்தக் கடவுளைக் கும்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.

இந்த வரம்பை மீறியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதையும் பார்த்துவிட்டோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஆச்சேயின் முந்நூறு முஸ்லிம் பிள்ளைகளைக் கிறிஸ்துவ இல்லத்தில் வளர்க்க அமெரிக்க அமைப்பு ஒன்று திட்டமிட்டது. இந்தோனேசிய அரசு இடம் கொடுக்காததால் அது கைவிடப்பட்டது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பின், 33 பிள்ளைகளை உரிய ஆவணமின்றி எல்லை தாண்டி அழைத்துச் செல்ல முயன்ற பத்து அமெரிக்க பாப்டிஸ்டுகள் கைதானார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள். புண்ணியம் செய்கிறோம் என்ற நினைப்பே கண்ணை மறைத்துவிட்டது.

தன் விசுவாசத்தைப் பிறரோடு பகிர்வது மனிதனின் உரிமை என்பதும், மிஷனரிகளின் தொண்டால் நாம் பயன்பெற்றோம் என்பதும் உண்மைதான். பெட்டாலிங் ஜெயாவின் அசுந்தா மருத்துவமனை, 1954-இல் கத்தோலிக்க அருட்சகோதரிகள் சிறு கிளினிக்காகத் தொடங்கியதே. ஆனால் அவர்கள் ஒரு வாரம் வந்து படம் பிடித்துக்கொண்டு போகவில்லை. இங்கேயே தங்கி உழைத்தார்கள். மேலும், உரிமை என்பது மறுத்துப் பேச வாயுள்ளவரிடம் செலுத்த வேண்டியது. பசித்த வயிறு எதற்கும் தலையாட்டும்.

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சோறும் வாங்க யாரும் கை நீட்டலாம். தமிழரா, சீனரா, நேற்று வந்த வங்காளதேசத் தொழிலாளியா என்று கேட்பவர் இல்லை. அதே நெறியைக் கடல் கடந்தும் கடைப்பிடியுங்கள். போகுமுன் அந்த ஊர்க்காரரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். விமான டிக்கெட்டுக்கு ஆகும் பணம், பிள்ளையைத் தாயிடமே வைத்து வளர்க்க உதவும் என்றால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள். போனால் கொடுத்துவிட்டு வாருங்கள், ஒன்றும் கேட்காதீர்கள்.