மாலையும் கல்லும்

எம்.ரெட்டியபட்டியில் உள்ள எங்கள் வீட்டுச் சுவரில், இயேசுவின் திரு இருதயப் படத்திற்குச் சற்றுத் தள்ளி, ஏழு இளைஞர்கள் நிற்கும் வண்ணப்படம் ஒன்றை என் பேத்தி ஒட்டி வைத்தாள். 'பி.டி.எஸ்.' என்னும் கொரிய நாட்டுப் பாடகர் குழுவாம் அது. செபமாலை சொல்ல அமர்ந்த நேரத்தில் என் கண்ணில் அது பட்டது. "இது விக்கிரக ஆராதனை, கிழித்துப் போடு" என்றேன். அவள் கிழிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நீங்க எம்.ஜி.ஆருக்காக ராத்திரியெல்லாம் சுவரெழுதுனீங்கன்னு அப்பத்தா சொன்னாங்களே, அது என்ன தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. 1977-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று வென்று முதலமைச்சரானார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வாக்களிக்கும் வயது 21 என்றிருந்த காலம் அது. வாக்கு இல்லாத நான் சுண்ணாம்பு வாளியும் தூரிகையுமாக ஊர் ஊராகச் சென்றேன். வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில், கூலியும் மழையும் ஒருசேரப் பொய்த்த நாள்களில், எங்களுக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுத் தந்தவை அவர் படப் பாடல்களே. திரையில் நாங்கள் கண்டது ஒருவர் முகம். கேட்டதோ, பெரும்பாலும், மதுரை மண்ணின் டி.எம்.சௌந்தரராஜன் குரல். சொல் ஒரு கவிஞருடையது, மெட்டு ஓர் இசையமைப்பாளருடையது. பலரது உழைப்பைச் சேர்த்து ஓர் உருவத்தின்மேல் ஏற்றி, அதன் முன் கைகூப்பி நின்றோம். 1987 டிசம்பர் 24-இல் அவர் மறைந்தபோது துயரம் தாளாமல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டோரும் உண்டு. அன்று எங்களை எவரும் விக்கிரக ஆராதனைக்காரர் என்று சொல்லியிருந்தால் நாங்கள் ஏற்றிருக்க மாட்டோம்.

ஆகவே பேத்தியின் வினாவை எனக்கே உரிய வினாவாக எடுத்துக்கொண்டு சில காலம் சிந்தித்தேன். ஒரு கலைஞர்மேல் இரசிகர் வைக்கும் பற்று எப்போது அன்பாக இருக்கிறது, எப்போது பாவமாகிறது?

இத்தகைய பாடற்குழுக்களை உருவாக்கும் தொழில், கொரியாவுக்கு முன்னரே ஜப்பானில் வேரூன்றியது. இளம் பாடகரை அங்கு 'ஐடல்' என்றே அழைக்கின்றனர். விக்கிரகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபுதான் அது. பாவத்தின் பெயரையே தொழிலின் பெயராகச் சூட்டிக்கொண்ட ஒரு துறை! 2005-இல் யாசுஷி அகிமோட்டோ என்பவர் தோக்கியோவின் அகிஹாபரா பகுதியில் 'ஏ.கே.பி.48' என்னும் இளம்பெண்கள் குழுவைத் தொடங்கினார். நேரில் சந்திக்கக்கூடிய நட்சத்திரங்கள் என்பதே அக்குழுவின் கவர்ச்சி. இசைத்தட்டு வாங்குவோருக்குப் பாடகியின் கையைச் சில நொடிகள் குலுக்கும் சீட்டு கிடைத்தது. 2009 முதல் 2018 வரை, யார் முன்வரிசையில் நிற்பது என்பதை முடிவு செய்ய இரசிகர் தேர்தலும் நடந்தது. இசைத்தட்டோடு வாக்குச்சீட்டு வந்ததால், ஒரே பாடலைப் பத்து, நூறு என்று வாங்கிக் குவித்தவர்கள் இருந்தனர். அன்பு எண்ணிக்கையாயிற்று, எண்ணிக்கை வருவாயாயிற்று.

இங்கே நாம் வழக்கமாக முதற்கட்டளையை எடுத்துக்காட்டி, கடவுளுக்குரியதைப் படைப்புக்குக் கொடுக்காதே என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அது உண்மையே. ஆனால் பாதி உண்மை. சீனாய் மலையடியில் இஸ்ரயேலர் வார்த்த கன்றுக்குட்டி பொன்னாலானது. அதற்கு வலிக்கவில்லை. இக்காலத்து விக்கிரகமோ தசையும் குருதியும் கொண்டது. கடவுள் தம் சாயலில் படைத்த ஒருவரை நாம் சிலையாக்கும்போது, கடவுளுக்குச் செய்யும் குற்றத்தோடு அந்த மனிதருக்கும் ஒரு குற்றம் செய்கிறோம். சிலைக்கு வாய் இருந்தும் அது பேசாது என்று திருப்பாடல் ஆசிரியர் எள்ளி நகைத்தார். நாமோ, பேசும் வாயுடையவரைப் பேசாதிருக்கச் செய்கிறோம்.

2013 சனவரியில் அந்த ஜப்பானியக் குழுவைச் சேர்ந்த இருபது வயதுப் பெண் ஒருவர், ஓர் இளைஞரின் வீட்டில் இரவு தங்கியதாக இதழ் ஒன்று எழுதியது. அவர் தம் தலையை மழித்துக்கொண்டு, அழுதபடி மன்னிப்புக் கேட்கும் காட்சி உலகெங்கும் பரவியது. அவர் பயிற்சி நிலைக்கு இறக்கப்பட்டார். எவரையும் காதலிக்கலாகாது என்னும் விதி அவர்மேல் இருந்தது. ஏனெனில் அவர் இரசிகர் எல்லாருக்கும் உரியவர் என்ற கனவே விற்பனைப் பொருள். நாம் நற்செய்தியின் ஒழுக்கத்தைப் போற்றுகிறவர்கள். ஆயினும் அந்தக் கண்ணீரில் மனமாற்றத்தை நான் காணவில்லை, அச்சத்தையே கண்டேன். அவர் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, வாங்குவோரிடம் கேட்டார்.

இன்னும் இருண்ட செய்தி ஒன்றும் உண்டு. இளைஞர் குழுக்கள் பலவற்றை உருவாக்கிய ஜானி கிடகவா என்பவர் 2019-இல் மறைந்தார். அவர் பல்லாண்டுகள் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார் என்பதை அவருடைய நிறுவனமே 2023 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. புகழ் மேடையின் ஒளி அத்தனை பேருடைய கண்களையும் கூசச் செய்திருந்தது. இதைச் சொல்லும்போது நாம் விரல் நீட்டி நிற்க இயலாது. சிறுவர் சொல்லைவிடப் பெரியவர் பெயரைக் காப்பாற்றிய பாவம் நம் திருச்சபையிலும் நிகழ்ந்தது அன்றோ?

நம் நாட்டிலும் இந்தக் கதை புதிதன்று. எம்.கே.தியாகராஜ பாகவதரின் குரலுக்கு மயங்காத ஊர் அன்று இல்லை. அவரைப் போலவே இளைஞர் முடி வளர்த்தனர். 1944-இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தபோது அவர் குற்றமற்றவர். ஆனால் கூட்டம் கலைந்திருந்தது. அதன்பின் வந்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959-இல் அவர் காலமானார்.

திருத்தூதர் பணிகள் நூல் பதினான்காம் அதிகாரத்தில் வரும் லிஸ்திரா நகர மக்களை இங்கு நினைத்துப் பார்ப்போம். பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவரைப் பவுல் நடக்கச் செய்கிறார். உடனே மக்கள் அவரையும் பர்னபாவையும் மனித உருவில் வந்த தெய்வங்கள் என்கின்றனர். காளைகளும் பூமாலைகளும் வருகின்றன. திருத்தூதர் இருவரும் தம் மேலுடைகளைக் கிழித்துக்கொண்டு, தாங்களும் அவர்களைப் போன்ற மனிதரே என்று கதறுகின்றனர். பின்னர் அந்தியோக்கியாவிலிருந்தும் இக்கோனியாவிலிருந்தும் வந்தோர் தூண்டிவிட, கூட்டம் அவர்கள் பக்கம் சாய்கிறது. பவுல் கல்லெறியப்பட்டு, இறந்துவிட்டார் என்று நகருக்கு வெளியே இழுத்துப் போடப்படுகிறார். மாலைக்கும் கல்லுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. இரண்டும் ஒரே மறுப்பிலிருந்து பிறப்பவை: நம் முன் நிற்பவர் நம்மைப் போன்ற மனிதர் என்பதை ஏற்க மறுப்பது.

'அப்படியாயின் பாடலை நேசிப்பதே தவறா?' எனக் கேட்கலாம். இல்லை. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலில், பாடலின் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் உருக்குகிறதோ என்று அஞ்சுகிறார். ஆயினும் ஆலயத்தில் பாடும் வழக்கத்தை அவர் தள்ளிவிடவில்லை. சமூகத் தொடர்பு சாதனங்கள் குறித்து 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஆணையும், கலையைப் பழிக்காமல், கேட்போரும் காண்போரும் தேர்ந்துகொள்ளும் கடமையுடையோர் என்கிறது. துன்ப நேரத்தில் ஒரு குரல் நம்மைத் தாங்கினால், அதற்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். நன்றி வேறு, உரிமை கொண்டாடுதல் வேறு. அன்பு என்பது மற்றவரின் நன்மையை விரும்புவது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். அதைக் கொண்டே நம்மைச் சோதிக்கலாம். நான் போற்றும் பாடகி மணமுடித்தால் மகிழ்வேனா? குரல் தளர்ந்து ஓய்ந்தால் அவரை மதிப்பேனா? அவர் தவறினால் மன்னிப்பேனா?

நம் ஆலயங்களில் சுரூபங்கள் உண்டே எனச் சிலர் கேட்பர். திருச்சபை எவரையும் வாழும்போதே பீடத்தில் ஏற்றுவதில்லை. ஒருவர் விழவும் எழவும் உரிமையுள்ளவராக ஓட்டத்தை முடித்த பிறகே அவரைப் புனிதர் என்கிறது. பதினைந்து வயதுச் சிறுமியைப் பீடத்தில் ஏற்றும் துணிவு வாணிபத்துக்கு மட்டுமே உண்டு.

2024 சனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமியர் மூவர், என் வீட்டுச் சுவரில் உள்ள அதே குழுவைக் காண, விசாகப்பட்டினம் சென்று கப்பலேறிக் கொரியா போகலாம் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்டனர். காட்பாடியில் அவர்கள் மீட்கப்பட்டனர். அதைப் படித்த பலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை தொலைவு போகத் துணிந்த ஏக்கத்தை, அருகிலிருந்த நாம் எவராவது கேட்டறிந்தோமா? பிள்ளையின் சுவரில் உள்ள படத்தைக் கிழிக்கச் சொல்வது எளிது. அந்தப் பாடலில் நீ எதைக் கேட்கிறாய் என்று வினவுவதே கடினம். நானும் வினவவில்லை.

பின்னொரு மாலை, செபமாலையின் முடிவில் நோயாளிகளுக்காக மன்றாடியபோது, அந்த எழுவரில் ஒருவருக்காகவும் வேண்டிக்கொள்ளலாமா என்று பேத்தி கேட்டாள். அவருக்கு உடல்நலம் இல்லையாம். ஒரு கணம் தயங்கினேன். பிறகுதான் புரிந்தது: விக்கிரகத்திற்காக எவரும் மன்றாடுவதில்லை, நம்மைப் போல் நோவும் மனிதருக்காகவே மன்றாடுகிறோம். நான் சுவரெழுதிய காலத்தில் எம்.ஜி.ஆருக்காக ஒரு முறையேனும் செபித்ததில்லை.

அருள் நிறைந்த மரியே என்று நானே தொடங்கினேன். படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.