கல்லைத் தொட்டவன் பெயர்

படத்தின் கீழே, ஓரத்தில், பென்சிலால் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது ஓவியனுடையது. அந்தப் படத்தைக் கல்லிலிருந்து காகிதத்துக்குக் கொண்டுவந்தவன் இன்னொருவன். அவனுக்கு அதில் என்ன பங்கு? ராபர்ட் பிளாக்பர்ன் என்கிற கறுப்பு அச்சுக் கலைஞரைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

கல்லச்சு, அதாவது லித்தோ, 1790களின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. தண்ணியும் எண்ணெயும் ஒட்டாது. சட்டி கழுவுகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் வேலை அவ்வளவு லேசு இல்லை. சுண்ணாம்புக் கல்லை மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, பழைய படத்தை அழித்து, சமதளமாக்க வேண்டும். அதன்மேல் ஓவியன் கொழுப்புக் கலந்த சாக்கட்டியால் வரைவான். பிறகு அச்சுக்காரன் பிசினில் அமிலம் கலந்து பூசுவான். அமிலம் கூடினால் மெல்லிய சாம்பல் நிறங்கள் எரிந்துபோகும். குறைந்தால் கல் முழுக்க மை அப்பிக் கறுத்துவிடும். ஒவ்வொரு கல்லுக்கும், ஒவ்வொரு கைக்கும் அளவு வேறு. எந்த இடத்தில் எவ்வளவு என்று தீர்மானிக்கிறவன் அச்சுக்காரன். இது கைவேலையா, மூளைவேலையா? இப்படிப் பிரித்துக் கேட்பதிலேயே வில்லங்கம் இருக்கிறது.

பிளாக்பர்ன் 1920இல் பிறந்தார். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம், வளர்ந்தது ஹார்லெமில். பொருளாதார மந்தக் காலத்தில் அரசாங்கப் பணத்தில் நடந்த ஹார்லெம் சமுதாயக் கலை மையத்தில், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, லித்தோ கற்றுக்கொண்டார். 1940களின் கடைசியில் நியூயார்க்கில் சொந்தப் பட்டறை போட்டார். அப்போது அமெரிக்காவில் ஓவியர்கள் லித்தோவை மதிக்கவில்லை. அது விளம்பரத் தாளும் லேபிளும் அடிக்கிற தொழில். அதையும் ஆஃப்செட் வந்து தின்றுவிட்டிருந்தது. 1957இல் டாட்டியானா கிராஸ்மன் என்கிற பெண்மணி லாங் ஐலண்டில் தன் வீட்டிலேயே ஓவியர்களுக்கான லித்தோ பட்டறை தொடங்கியபோது, அவருக்குக் கிடைத்த முதல் கற்கள் வீட்டு வாசல் நடைபாதையில் பாவியிருந்தவை. மிதிபட்டுக் கிடந்த கல்!

கல் கிடைத்தது. அதைப் பேசவைக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே. பிளாக்பர்ன் அங்கே முதல் தலைமை அச்சுக்காரராகப் போனார். லாரி ரிவர்ஸ், கிரேஸ் ஹார்ட்டிகன், ஹெலன் ஃப்ராங்கன்தாலர், ஜாஸ்பர் ஜான்ஸ் என்று பின்னால் பெரும்பெயர் எடுத்தவர்கள் அங்கே அவரோடு வேலை செய்தார்கள். அவர்களில் பலருக்குக் கல்லில் எப்படி வரைவது என்றே அதற்குமுன் தெரியாது. அதே 1957இல்தான் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் ராணுவக் காவலோடு வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. இங்கே ஒரு கறுப்பு மனிதர் வெள்ளை ஓவியர்களுக்கு ஆசானாக நின்றார். ஆசான் என்று அவரை எழுதியவர்கள் அன்று எத்தனை பேர்?

நண்பர் ஒருவர் சொன்னார்: "ஓவியன் வரைஞ்சான், இவரு அடிச்சாரு, கூலி வாங்கினாரு. அப்புறம் என்னய்யா?" கல்லூரி மாணவர் ஒருவருக்கு நேர் எதிர்ப் பார்வை. வெள்ளைக்காரர்கள் அவரைச் சுரண்டினார்கள் என்று எழுதச் சொன்னார். இரண்டுமே எனக்குச் சுலபமாகப் படுகிறது. முதலாவது, கூலி கொடுத்ததும் உறவு முடிந்தது என்கிறது. இரண்டாவது, அவரை வெறும் பாதிக்கப்பட்டவராக்கி, அவர் கையிலிருந்த அறிவையும் பறித்துவிடுகிறது.

அந்தப் பட்டறையில் 1963இல் நடந்ததைப் பாருங்கள். ராபர்ட் ராஷன்பெர்க் வரைந்த கல், அழுத்தம் தாங்காமல் அச்சு எந்திரத்திலேயே உடைந்தது. மறுபடி வேறு கல்லில் வரைந்தார், அதுவும் உடைந்தது. உடைந்த கல்லையே வைத்து அடித்தார்கள். விரிசல் வெள்ளைக் கோடாகப் படத்தின் குறுக்கே ஓடுகிறது. 'விபத்து' என்று பெயர் வைத்தார். அந்த வருஷமே லூப்லியானா அச்சுக்கலைக் கண்காட்சியில் பெரும்பரிசு. படத்தின் உயிரே அந்த விரிசல்தான். அதை வரைந்தது யார்? ஓவியன் இல்லை, கல்லும் எந்திரமும். உடைந்த கல்லைச் சேர்த்து வைத்துப் பிரதி பிரதியாக எடுத்தது அச்சடித்த கை. பரிசு ஒரு பெயருக்குப் போனது. ஒதுக்காமல் அந்த உடைசலை ஏற்ற துணிச்சல் ராஷன்பெர்க்குடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

இதற்கு ஒரு ஏற்பாடு வந்தது. 1960இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜூன் வெய்ன் தொடங்கிய டாமரிண்ட் பட்டறையில், அச்சுக்காரரின் முத்திரையும் ஒவ்வொரு பிரதியிலும் விழ வேண்டும் என்று விதி வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது மையில்லாத முத்திரை. காகிதத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

பிளாக்பர்ன் கிராஸ்மன் பட்டறையில் முதல் 79 பதிப்புகளை அடித்துக் கொடுத்தார். 1963இல் அங்கிருந்து விலகித் தன் பட்டறைக்கே முழுசாகத் திரும்பினார். அவரும் ஓவியர்தான், 1950இல் செய்த 'சிவப்பில் சிறுமி' போன்ற வண்ணக் கல்லச்சுகள் உண்டு. ஊராருக்கு உழைத்ததில் சொந்த வேலை பின்தங்கியது. பணம் இருக்கிறவர், இல்லாதவர், கறுப்பர், வெள்ளையர், கடல்கடந்து வந்தவர் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைத்தார். ரோமேர் பியர்டன், எலிசபெத் கேட்லெட், கமீல் பில்லாப்ஸ் அங்கே வேலை செய்தார்கள். இதைத் தியாகம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். தியாகம் என்று சொல்லிச் சொல்லியே உழைக்கிறவனின் கணக்கை முடித்துவிடுகிற பழக்கம் உலகத்துக்கு இருக்கிறது. அவர் பெயருக்காகச் சண்டை போட்டதைவிட, கல்லை யார் தொடலாம் என்பதை மாற்றினார் என்றே நினைக்கிறேன். அதனால் பெயர்க் கணக்கு தீர்ந்துவிடவில்லை. இரண்டும் வேறு வேறு கடன்.

1992இல் மெக்கார்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. 2001இல் பட்டறை மூடப்பட்டது. 2003இல் அவர் இறந்தார். 2005இல் நியூயார்க்கிலேயே அவர் பெயரைத் தாங்கி அது மறுபடி திறந்தது. அங்கே யார் படத்தை அடித்து முடித்தாலும், கல்லை மணல் போட்டுத் தேய்த்து அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும்.