மறைத்தது யார்?

கு. ப. ராஜகோபாலனின் (1902–1944) ‘சிறிது வெளிச்சம்’ சாவித்திரியின் கதை என்றே நமக்குப் படித்துப் பழக்கம். புருஷனிடம் அடிபடும் பெண், மனசுக்குள் புதைந்த ஏக்கம், சாவு: பரிதாபப்பட வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் கதையைச் சொல்பவன் அந்த வீட்டில் குடியிருந்த ஒருவன். அவள் செத்த பிறகுதான் வாயைத் திறக்கிறான். உயிரோடிருந்தவரை ரகசியமாக இருந்த ஒன்று, இறந்ததும் எப்படிச் சொல்லத் தக்கதாகிறது?

துக்கத்தை அவள் மறைத்தாள் என்பது பாதி உண்மைதான். அடி விழும் சத்தத்தை எந்தச் சுவரும் முழுசாகத் தடுப்பதில்லை. கேட்கிற தூரத்தில் இருப்பவர்கள் அதற்குக் ‘குடும்ப விஷயம்’ என்று பெயர் வைத்து ஒதுங்கும்போது துக்கம் மறைவானதாகிவிடுகிறது. குடியிருந்தவன் தலையிட்டதால் அந்த ஏற்பாடு கொஞ்சம் கலைந்தது.

சாவித்திரி விஷயத்தில் குற்றவாளியையாவது காட்டிவிடலாம். கை நீட்ட ஆளே இல்லாத இடத்தில்?

கீழச்சிவல்பட்டி மாதிரிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் லேவாதேவிக் கடைகளுக்குப் போன ஆண்களுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடிக்கும்வரை இது நடந்தது. பெண்டாட்டி பெரும்பாலும் ஊரில். ‘வேறு வைத்த’ பிறகு அவளுக்குத் தனி அடுப்பு, வளவில் ஓர் அறை. சீதனப் பணம் கடையில் வட்டிக்குக் கிடக்கும். பேரேட்டில் பற்று வரவு சுத்தமாக இருக்கும். அவளுடைய மூன்று வருஷத்துக்குப் பேரேட்டில் பக்கம் கிடையாது. விசாரித்தால் ‘ஆச்சி சொகமா இருக்காக’ என்பார்கள். அரிசி, நகை, ஆள், எதற்கும் குறைவில்லை என்பதால் அதைப் பொய்யென்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதில் அவளிடம் கேட்டு வாங்கியதல்ல. வீடு நிறைய மனிதர்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் கேட்பதில்லை. பாதகன் இல்லை, ஆகவே பாதகமும் இல்லை என்று முடிவு கட்டுவது சுலபம்.

கடல் கடந்தவர்களுக்கு ‘புயலிலே ஒரு தோணி’ (1972) என்ற பெரிய நாவல் கிடைத்தது. எழுதிய ப. சிங்காரம் அதே வட்டாரத்துச் சிங்கம்புணரிக்காரர். வீட்டில் இருந்தவர்கள் விஷயத்தில் கு.ப.ரா.வின் கதைசொல்லிக்கு நேர்ந்ததே எழுதுகிற நமக்கும் நேர்கிறது: அவர்கள் போன பிறகு பேசுகிறோம்.

கு.ப.ரா. தலைப்பில் வைத்த ‘சிறிது’ சரியான அளவு. ஒருத்தி சொன்னதை ஒருவன் கேட்டான். அவள் வாழ்க்கை அதனால் மாறிவிடவில்லை. ஆனாலும் கேட்கப்பட்ட துக்கமும் கேட்கப்படாத துக்கமும் ஒன்றல்ல. செத்தவளுக்காக இரங்குவதில் நமக்குச் செலவில்லை. உயிரோடிருப்பவளிடம் கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும். அவள் மௌனத்தைப் பொறுமை என்று நாம் புகழ்வது பெரும்பாலும் இந்தச் செலவுக்குப் பயந்துதான்.