கேட்டால் திறப்பராம்!

அமெரிக்க நாட்டுப் பொது நூலகம் ஒன்றிலே ஓர் ஏழைத் தொழிலாளி அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். வீட்டிலே கணினி இல்லை. வாங்க வகையும் இல்லை. உடலிலோ வெளியே சொல்ல நாணும் நோய். அதுபற்றி அறிய இணையத்தை நாடுகிறான். திரை கூறுகிறது: 'தடை செய்யப்பட்ட பக்கம்!'

தடுத்தவர் நூலகர் அல்லர், வடிகட்டி!

2000 ஆம் ஆண்டு அந்நாட்டிலே ஒரு சட்டம் பிறந்தது. இணைய வசதிக்கென மைய அரசின் உதவி பெறும் நூலகங்கள், ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியைக் கணினிகளிலே பொருத்தியாக வேண்டும். இன்றேல் உதவி இல்லை. குழந்தைகளைக் காப்பதே நோக்கம். காக்க வேண்டாமென்று கூறுவார் எவருமில்லை.

ஆனால், பொறி சொல்லை அறியும், பொருளை அறியுமா? மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவக் குறிப்பையும் மானங்கெட்ட படத்தையும் பிரித்தறியாத வடிகட்டிகள் இருந்தன. குற்றமற்ற பக்கங்கள் பல்லாயிரம் தடைபடுவதைக் கண்ட பிலடெல்பியா நீதிமன்றம், 2002 இல், நூலகங்களுக்கான அந்த விதி செல்லாது என்றது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம், மூவர் மறுக்க அறுவர் இசைய, அதற்கு மீண்டும் உயிரளித்தது.

வயது வந்தோர் கேட்டால் நூலகர் தடையை நீக்கிவிடுவார்; பிறகென்ன குறை என்பது வாதம். கேட்க வெட்கமாயிற்றே எனின், வெட்கமின்றிப் படிக்கும் உரிமையை அரசியல் சட்டம் தரவில்லை என்றார் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட்!

இங்கேதான் நம் உள்ளம் உறுத்துகிறது. செல்வன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறான், எவரையும் கேட்பதில்லை. ஏழையோ, பின்னே நிற்போர் செவியிலே விழும்படி, தன் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டுமோ என அஞ்சி நிற்கிறான். ஒருவனுக்கு உரிமை, மற்றவனுக்கு விண்ணப்பமா? கணவனிடம் அடிபட்டு வழி தேடும் பெண் கேட்பாளா? கேளாமலே எழுந்து போவாள். போனவள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நூல்களையும் நூலகர் தேர்ந்தெடுத்துத்தானே வாங்குகிறார் என்பர். ஆம், பார்த்துத் தேர்கிறார். வடிகட்டியின் பட்டியலையோ அதை விற்கும் நிறுவனம் தன் வாணிப இரகசியமெனக் காக்கிறது. எதைத் தடுத்தோம் என்பதை நூலகரே அறியார்!

குழந்தையின் இருக்கைக்குக் காவல் இருக்கட்டும். வளர்ந்தோர் இருக்கையிலே, தடையை நீக்கும் விசை படிப்பவன் கையிலேயே இருக்கட்டும். காரணம் கூறிக் கையேந்திப் பெறுவது சலுகை. தலை நிமிர்ந்து எடுத்துக் கொள்வதே உரிமை.