சாக்கின் வாயிலே பணம்



யோசேப்பைக் குறித்துப் பிரசங்கம் கேட்காத விசுவாசி உண்டா? பலவருண அங்கி, குழி, போத்திபாரின் வீடு, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினது, சிறைச்சாலை. சிறைச்சாலைக் கதவு திறந்ததும் "அல்லேலூயா" சொல்லி வேதத்தை மூடிவிடுகிறோம். அதற்கப்புறம் அந்த மனுஷன் என்ன உத்தியோகம் பார்த்தான்? தானியக் கொள்முதல் உத்தியோகம்! விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தந்தப் பட்டணத்தைச் சுற்றியுள்ள வயலின் தானியத்தை அந்தந்தப் பட்டணத்திலேயே சேர்த்து வைத்தான் (ஆதி. 41:48). இன்றைக்கு நம்ம ஊருக்கு ஊர் இருக்கிற நேரடி நெல் கொள்முதல் நிலையம் மாதிரிதான்.

அடுத்த வசனத்தைக் கவனித்தீர்களா? தானியம் கடற்கரை மணலைப்போலக் குவிந்தபடியால் அளந்து எழுதுகிறதையே விட்டுவிட்டார்களாம். தேவ ஜனமே, கணக்கு நின்றுபோன களஞ்சியத்தில் ஒருவன் கைவைத்தால் யார் கண்டுபிடிப்பது? போத்திபாரின் வீட்டில் நித்தம் நித்தம் சோதனை. களஞ்சியத்திலோ பதினாலு வருஷம்! வசூலான பணம் முழுவதும் பார்வோனின் அரமனைக்குப் போய்ச் சேர்ந்தது என்று 47:14 சாட்சி சொல்கிறது.

பூதலூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு நெல் கொள்முதலைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் விளைந்ததை அறுத்து, களத்தில் கொட்டி, தூற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். 2025-26 பருவத்துக்குச் சாதா ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், அதாவது சிப்பம் 1,000 ரூபாய். தராசில் ஒரு கிலோ கூடப் பிடித்தால் 25 ரூபாய் போயிற்று. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரி மழையில் சம்பா சாய்ந்தபோது மத்திய அரசு 20 வரை தளர்த்தியது. ஒரு குடும்பத்தின் ஆறு மாதப் பாடு அந்த மீட்டர் காட்டுகிற எண்ணில் நிற்கிறது. அதைப் படித்துச் சொல்கிறவர் ஒரு பட்டியல் எழுத்தர்.

இப்போது ஒரு காரியத்தைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த நிர்வாகம், எந்த வருஷம் என்று எழுத மாட்டேன். நம்மோடு ஆராதித்த ஒரு சகோதரன் அப்படிப்பட்ட வேலையில் இருந்தார். அறுவடை மாதங்களில் அவருடைய தசமபாக உறை கனமாயிருக்கும். நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. தலையில் கைவைத்து ஜெபித்து வாங்கிக்கொள்வேன். வேதாகமக் கல்லூரியில் ஆமோஸ் தீர்க்கன் புத்தகத்துக்கு நல்ல மார்க் வாங்கினவன் நான்! மரக்காலைக் குறைத்து, தராசைக் கள்ளத்தராசாக்கி, பதரை விற்கிறவர்களைப் பற்றி எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பரீட்சைக்குப் படித்ததோடு சரி.

அதே சபையில் விதவையான ஒரு அம்மா. ஒன்பது ராத்திரி களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்திருந்தார்கள். உபவாச ஜெபத்துக்கு வந்து, "ஐயா, ஈரப்பதம் இறங்கணும்னு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். ஜெபித்தேன். சத்தமாய் ஜெபித்தேன். மூன்றாம் வரிசையில் அந்தச் சகோதரனும் "ஆமென்" சொன்னார்.

அன்று இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினார். உட்காரவில்லை. "ஐயா, அந்த அம்மா நெல்லு முதல் நாளே 16-தான் காட்டுச்சு. சாக்குக்கு நாப்பது ரூபா அவங்ககிட்ட இல்ல. அதான் இன்னும் காயணும்னு சொல்லி நிறுத்தி வச்சேன்."

அவருடைய பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிடித்த மூட்டை லாரி வராமல் வெயிலில் கிடந்தால் காய்ந்து எடை இறங்கும். அந்தக் குறைச்சலை எழுத்தர் தலையில் கட்டிவிடுகிறார்கள். "மேலயும் கேக்கறாங்க, கீழயும் கேக்கறாங்க. நான் மட்டும் என்னய்யா பண்றது?" என்றார். பொய் இல்லை. ஆனாலும் அந்த நஷ்டத்தை விதவையின் நெல்லில் எடுக்க அவருக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

நான் அவருக்கு வேறொன்றும் வாசிக்கவில்லை, ஆதியாகமம் 42:25-ஐ மட்டும் வாசித்தேன். சாக்கைத் தானியத்தால் நிரப்பி, அவனவன் பணத்தை அவனவன் சாக்கிலே திரும்பப் போடச் சொன்ன அதிகாரி யோசேப்பு. இந்தச் சகோதரன் அழுதார். நானும் அழுதேன், உறைகள் என் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

மறுநாள் காலை அந்த அம்மாவின் நெல் தராசுக்கு ஏறியது. பிறகு ஒரு நோட்டில் நினைவுள்ளமட்டும் பெயர் எழுதி, சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் சிரித்தார்கள், ஒருவர் திட்டி அனுப்பினார். அடுத்த பருவத்துக்கு அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது ஒரு உரக்கடையில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கிறார். "கர்த்தர் இரட்டிப்பாய்த் தந்தார்" என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. இன்னும் அப்படி நடக்கவில்லை.

"எல்லாருக்கும் பணம் வாங்கினேன், திருப்பிட்டேன். அந்த அம்மாகிட்ட பணமே வாங்கலியே, ஒன்பது ராத்திரிய எந்தக் கணக்குல எழுதறது ஐயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மாவிடமே போய்க் கேட்கச் சொன்னேன். போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவரும் இதுவரை என்னிடம் சொல்லவில்லை.

அந்த உறைகளின் பணத்தில் சபைக்கு இரண்டு மின்விசிறி வாங்கியிருந்தோம். அதன் கிரயத்தை மாதாமாதம் என் கையிலிருந்து அந்த நோட்டுக்குக் கொடுத்து வருகிறேன். இன்னும் பதினொரு பெயர் பாக்கி.